பட்டைச் சோதனை நெகட்டிவ், பிசிஆர் பாசிட்டிவ்: நாய்க்குட்டியின் பார்வோ அறிக்கையை எப்படிப் படிப்பது?

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கையில் ஓர் ஆய்வக அறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு நாட்களாகத் தவிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

எங்கள் குட்டி செம்பிக்குப் பதினான்கு வாரம். தடுப்பூசி இரண்டு தவணை போட்டாயிற்று. போன வாரம் ஒருநாள் காலையில் உணவைத் தொடவில்லை. மாலைக்குள் நான்கு முறை வாந்தி. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆசனவாயில் பஞ்சுக்குச்சியை விட்டெடுத்துப் பட்டைச் சோதனை செய்தார். ஒரே ஒரு கோடுதான் வந்தது. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தெரியவில்லை, ஆனாலும் கவனமாக இருங்கள் என்றார். மறுநாள் இரவு இரத்தக்கழிச்சல் தொடங்கியது. வெள்ளையணுக்கள் மளமளவென இறங்கியிருந்தன. மருத்துவர் அந்தப் பட்டையை மேற்கொண்டு நம்பவில்லை. குட்டியைத் தனி அறையில் சேர்த்துத் திரவம் ஏற்றினார், மலமாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். வந்த முடிவு இது:

“கேனைன் பார்வோவைரஸ் பிசிஆர்: பாசிட்டிவ். சிடி மதிப்பு: 16. வகை: சிபிவி-2சி (விபி2 புரதம், 426ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம்). சிற்றினம்: புரோட்டோபார்வோவைரஸ் கார்னிவோரான் 1.”

செம்பி நேற்று முதல் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். வாந்தி நின்றிருக்கிறது. அவளோடு பிறந்த ஆண்குட்டி இன்னொரு வீட்டில் வளர்ந்தது, அது பிழைக்கவில்லை.

பட்டை ஏன் தவறியது? தடுப்பூசியில் இருந்த வைரஸையே பிசிஆர் பிடித்திருக்கக்கூடுமா? இந்த 2சி என்பது புதிய வைரஸா? சிற்றினத்தின் பெயரைத் தேடிப் பார்த்தால் பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா வைரஸும் அதே பெயரில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வயதான பூனை ஒன்று உண்டு. அதற்கும் வந்துவிடுமா?

—

நுண்ணோக்கி எழுதியது:

கார்முகில் அவர்களே, செம்பி தலை தூக்கியது நல்ல அடையாளம். நான் கால்நடை வைரஸ் ஆய்வகம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதலில் பட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பட்டை வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடுகிறது. பட்டையில் படிந்திருக்கும் எதிர்ப்பொருள்கள் அந்தப் புரதத்தைப் பிடித்தால்தான் இரண்டாவது கோடு தெரியும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கோடு விழ வேண்டுமென்றால் மாதிரியில் ஏராளமான வைரஸ் துகள்கள் இருக்க வேண்டும். நோயின் முதல்நாளில் அந்த அளவுக்குக் குடலிலிருந்து வெளியேறாமல் இருக்கலாம். சில நாட்கள் கழித்து வேறொரு சிக்கல் வருகிறது: குட்டியின் உடலே எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, அவை குடலுக்குள் வைரஸை மூடிக்கொள்கின்றன. மூடப்பட்ட வைரஸைப் பட்டை பிடிப்பதில்லை. நீர்த்த கழிச்சலில் மாதிரி கரைந்துபோவதும் உண்டு. ஆகவே பட்டை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம்; நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. உங்கள் மருத்துவர் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பட்டையை ஒதுக்கியதுதான் செம்பியைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிசிஆர் தேடுவது புரதத்தை அல்ல, டிஎன்ஏவை. எதிர்ப்பொருள் மூடியிருந்தாலும் அதற்குத் தடையில்லை, ஏனென்றால் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது அந்த மூடி கழன்றுவிடுகிறது. சிடி என்பது ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும் டிஎன்ஏ எத்தனையாவது சுற்றில் கருவியின் கண்ணுக்குப் படுகிறது என்ற எண். எண் சிறியதாக இருந்தால் வைரஸ் மிகுதி. 16 என்பது கொட்டிக் கிடக்கிறது என்று பொருள். தடுப்பூசியில் உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் இருப்பதால் ஊசி போட்ட குட்டியின் மலத்தில் அது சில நாட்கள், சிலவற்றில் சில வாரங்கள்கூட, பிசிஆரில் தெரியும். பொதுவாக அப்போது சிடி மிக உயரமாக இருக்கும். அதோடு, புழக்கத்தில் உள்ள தடுப்பூசிகளில் பெரும்பாலானவை பழைய வகை 2 அல்லது 2பி வைரஸைக் கொண்டவை. 2சி கொண்டவை குறைவு. சிடி 16, வகை 2சி, இரத்தக்கழிச்சல், வெள்ளையணு வீழ்ச்சி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இது வெளியிலிருந்து வந்த வைரஸ்தான். ஊசிப் புட்டியின் ஒட்டுச்சீட்டில் எந்தத் திரிபு என்று அச்சிட்டிருப்பார்கள். மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைப் பற்றியும் ஒரு சொல். மலத்தில் பிசிஆரை முடக்கும் பொருள்கள் நிறைய உண்டு. ஆகவே நல்ல ஆய்வகம் ஒவ்வொரு மாதிரியிலும் வேறொரு அறிந்த டிஎன்ஏவைச் சேர்த்து, அது பெருகுகிறதா என்று பார்க்கும். பிசிஆர் நெகட்டிவ் என்று வரும் அறிக்கையில் இந்த உட்கட்டுப்பாடு வேலை செய்ததா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த வரி இல்லாத நெகட்டிவ் அறிக்கையை நான் ஏற்பதில்லை.

—

வாலாட்டி எழுதியது:

நான் கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 2சி என்றாலே எங்களுக்கு அடிவயிறு கலங்கும். இது தடுப்பூசிக்குக் கட்டுப்படாத புதிய வைரஸ். பட்டையும் இதைப் பிடிப்பதில்லை. கார்முகில், உங்கள் குட்டிக்கு இரண்டு தவணை போட்டும் வந்திருப்பதே சான்று. தயவுசெய்து இதைச் சாதாரண பார்வோ என்று எண்ணிவிடாதீர்கள்.

—

முதுமருத்துவர் எழுதியது:

வாலாட்டி அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தக் கருத்து பரவினால், தடுப்பூசியால் பயனில்லை என்று மக்கள் ஊசியையே நிறுத்திவிடுவார்கள். அது எனக்கு 2சியைவிட அதிகமாக அச்சம் தருகிறது.

இப்போதைய தடுப்பூசிகள் 2ஏ, 2பி, 2சி மூன்றுக்கும் எதிராகக் குறுக்குப் பாதுகாப்பு தருவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தவணை போட்ட குட்டிக்கு நோய் வருவதற்கு மிகப் பொதுவான காரணம் வேறு. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள்கள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை அவை தடுப்பூசியின் வைரஸையும் அழித்துவிடும். அவை ஏறத்தாழ பத்து நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியை முறியடிக்க மட்டும் போதும் என்ற நிலை வரும். பார்வோ நுழைவது அந்த இடைவெளியில்தான். உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், குட்டிக்கான தொடரில் கடைசித் தவணையை பதினாறு வாரத்திலோ அதன் பிறகோ போட வேண்டும் என்கிறது. செம்பிக்குப் பதினான்கு வாரம்தான். அந்த வாசல் இன்னும் மூடவில்லை.

இந்த நோய் இல்லாத காலத்தையும் நான் அறிவேன். படித்து முடித்து வெளியே வந்த புதிதில்தான் அது பரவத் தொடங்கியது. 1978இல் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நாய்கள் வாந்தியெடுத்துச் சாகத் தொடங்கின. அதற்கு முன் எந்த நாயின் உடலிலும் எதிர்ப்பு இல்லாததால் பெரிய நாய்களும் விழுந்தன. ஒரே ஈற்றுக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டே இருந்து திடீரெனச் சரிந்து இறப்பதைக் கண்டிருக்கிறேன். அறுத்துப் பார்த்தால் இதயத் தசை வெளிறிக் கிடக்கும். இந்த வைரஸுக்குப் பிரிந்து பெருகும் செல்தான் வேண்டும். பிறந்து முதல் இரண்டு வாரம் குட்டியின் இதயத் தசைச் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அப்போது தாயிடம் எதிர்ப்பு இல்லையென்றால் இதயத்தைத் தின்றுவிடும். இன்று தாய் நாய்களிடம் எதிர்ப்பு இருப்பதால் இதய வடிவத்தை மிக அரிதாகவே காண்கிறோம். குடலும் எலும்பு மஜ்ஜையும் வாழ்நாள் முழுதும் பிரியும் செல்களால் ஆனவை, எனவே கழிச்சலும் வெள்ளையணு வீழ்ச்சியும் மட்டும் நிலைத்துவிட்டன.

—

கார்முகில் எழுதியது:

முதுமருத்துவர் ஐயா, நுண்ணோக்கி அவர்களே, நன்றி. புட்டியின் ஒட்டுச்சீட்டை மருத்துவர் தொலைபேசியில் படித்துக் காட்டினார். பழைய வகை 2 வைரஸ் என்றார். ஆக, இது ஊசியால் வந்தது அல்ல என்று தெளிந்தது.

ஒன்று கேட்கலாமா? அது புதிய வைரஸ் என்று 1978இல் எப்படி உறுதிசெய்தார்கள்? பெயரில் ‘2’ என்று இருக்கிறதே, ‘1’ எங்கே போயிற்று?

—

நுண்ணோக்கி எழுதியது:

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வழிவிடுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் பிசிஆர் கிடையாது. கழிச்சலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 25 நானோமீட்டர் அளவில், மேலே கொழுப்புறை ஏதுமில்லாத, உருண்டையான சிறு துகள்கள் குவியலாகத் தெரிந்தன. அளவும் வடிவமும் பார்வோவைரஸ் குடும்பம் என்று காட்டிக்கொடுத்தன. ஆனால் நுண்ணோக்கி அவ்வளவுதான் சொல்லும். பூனையின் வைரஸையும் நாயின் வைரஸையும் அருகருகே வைத்தாலும் கண்ணால் பிரித்தறிய முடியாது. நீங்கள் கேட்ட ‘1’ இங்கேதான் குறுக்கே வருகிறது. நாய்களின் மலத்தில் வேறொரு பார்வோவைரஸை 1967இலேயே கண்டிருந்தார்கள். அதைப் பொடிவைரஸ் என்ற பொருளில் ‘மினிட் வைரஸ் ஆஃப் கேனைன்ஸ்’ என்று அழைத்தார்கள். புதிதாக வந்தது அதே வைரஸா, வேறொன்றா என்று பிரித்துச் சொல்லியாக வேண்டியிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் ஆப்பெல், லீலண்ட் கார்மைக்கேல் ஆகியோரின் குழு உள்ளிட்ட சிலர் அதைச் செல் வளர்ப்பில் வளர்த்துப் பார்த்தார்கள். பழையதற்கான எதிர்ப்பொருள் இதைக் கட்டுப்படுத்தவில்லை. பூனை வைரஸுக்கான எதிர்ப்பொருளோ நன்றாகவே கட்டுப்படுத்தியது. எனவே பழையதைச் சிபிவி-1 என்றும் புதியதைச் சிபிவி-2 என்றும் பிரித்தார்கள். இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. இன்றைய வகைப்பாட்டில் சிபிவி-1 போக்காபார்வோவைரஸ் என்ற வேறு பேரினத்தில் இருக்கிறது. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் உடன்பிறப்புகள் என்று எண்ணிவிடக் கூடாது.

வளர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதுமருத்துவர் ஐயா சொன்ன அதே பிரியும் செல் கதைதான். வழக்கமாகச் செல்கள் தட்டு முழுதும் படர்ந்த பிறகு வைரஸைச் சேர்ப்போம். பார்வோவுக்கு அப்படிச் செய்தால் ஒன்றும் வளராது. செல்லைத் தட்டில் விதைக்கும்போதே, அது பெருகத் தொடங்கும் நேரத்தில், வைரஸையும் சேர்த்துவிட வேண்டும். பூனையின் சிறுநீரகச் செல்வரிசையான சிஆர்எஃப்கேவும் நாயின் கட்டியிலிருந்து வந்த ஏ-72வும் இதற்கு ஏற்றவை. வளர்ந்தாலும் செல்லில் பெரிய சிதைவு தெரியாது. ஒளிரும் எதிர்ப்பொருளால் செல்லின் கருவுக்குள் வைரஸ் புரதம் மின்னுகிறதா என்று பார்ப்போம், அல்லது பன்றியின் சிவப்பணுக்களைச் சேர்த்துக் குளிரில் வைப்போம். சிபிவி-2 அந்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். கிண்ணத்தின் அடியில் பொட்டாக உறையாமல் வலையாகப் படரும். ஆனால் மலத்தில் வேறு பொருள்களும் அணுக்களை ஒட்டவைக்கலாம். அதனால் சிபிவிக்கான எதிர்ப்பொருளைச் சேர்த்தால் அந்த ஒட்டல் நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது நின்றால்தான் விடை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் இதை என் கையாலேயே நூற்றுக்கணக்கான கிண்ணங்களில் செய்திருக்கிறேன். கிண்ணத்தில் வலை விரிவதைப் பார்க்கும் அந்தக் கணம் இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

இனி, புதியது என்று உறுதியானது எப்படி? உறைபெட்டிகளில்தான் அதற்கான சான்று இருந்தது. வேறு காரணங்களுக்காகப் பல நாடுகளில் சேமித்து வைத்திருந்த நாய் இரத்தநீரை எடுத்துச் சோதித்தார்கள். எழுபதுகளின் முற்பகுதிவரை எதிர்ப்பொருள் இல்லை. எழுபதுகளின் நடுவில் ஐரோப்பிய மாதிரிகளில் தலைகாட்டுகிறது. 1978இல் எங்கும் இருக்கிறது. அப்படியானால் ஒரு சில ஆண்டுகள் சத்தமில்லாமல் சுற்றிவிட்டுப் பிறகே வெடித்திருக்கிறது.

மரபணு வரிசை வந்த பிறகு உறவும் தெளிந்தது. பூனை வைரஸ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அறியப்பட்டது. நாய் வைரஸின் மேலுறைப் புரதமான விபி2 அதிலிருந்து வேறுபடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அமினோ அமிலங்களில்தான். அந்தச் சில மாற்றங்கள் நாய்ச் செல்லின் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் திறனைக் கொடுத்தன. அந்தத் திறன்தான் அதற்கு நாயின் உடலைத் திறந்துவிட்டது.

இப்போது உங்கள் அறிக்கையின் கடைசி வரிக்கு வருகிறேன். பார்வோவைரஸ்களைச் சிற்றினமாகப் பிரிக்கும் அளவுகோல் மேலுறை அல்ல. உள்ளே இருக்கும் என்எஸ்1 என்ற, வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் புரதம். அதன் அமினோ அமில வரிசை 85 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே சிற்றினம். இந்த அளவுகோலில் நாயின் சிபிவி-2, பூனையின் பான்லூக்கோபீனியா வைரஸ், மிங்க்கின் குடலழற்சி வைரஸ், ரக்கூனின் வைரஸ் எல்லாம் ஒரே சிற்றினத்துக்குள் வந்துவிடுகின்றன. பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு முன்பு இதற்கு ‘கார்னிவோர் புரோட்டோபார்வோவைரஸ் 1’ என்று பெயரிட்டிருந்தது. இரட்டைப்பெயர் முறைக்கு மாறியபோது ‘புரோட்டோபார்வோவைரஸ் கார்னிவோரான் 1’ ஆனது. ஆக, உங்கள் அறிக்கையில் உள்ள சிற்றினப் பெயர் ஒரு பெரிய வீட்டின் பெயர். யார் வந்தார் என்பது அதற்கு மேலே உள்ள வரியில் இருக்கிறது.

உங்கள் பூனைக்கு: ஆரம்பகாலச் சிபிவி-2 பூனையைத் தாக்க முடியாததாக இருந்தது. 2ஏவும் அதன் பின் வந்தவையும் அந்தத் திறனைத் திரும்பப் பெற்றுவிட்டன, எனவே ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். பான்லூக்கோபீனியா தடுப்பூசி இதற்கு எதிராகவும் காக்கும். அது போட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். போடவில்லையென்றால் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். செம்பியின் பொருள்கள் எதையும் பூனை அருகில் விடாதீர்கள்.

—

மூன்றெழுத்து எழுதியது:

நான் உயிர்த்தகவலியல் முதுகலை மாணவன். நுண்ணோக்கி அவர்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன், ஒன்றில் வாதாடவும் விரும்புகிறேன்.

சேர்க்க வேண்டியது இது. விபி2இன் 426ஆம் இடத்து அமினோ அமிலத்தைக் குறிக்கும் டிஎன்ஏவின் மூன்றெழுத்து ஏஏடி என்றால் ஆஸ்பராஜின். அதுவே 2, 2ஏ. ஜிஏடி என்றால் ஆஸ்பார்ட்டிக் அமிலம், 2பி. ஜிஏஏ என்றால் குளுட்டமிக் அமிலம், 2சி. இந்த மூன்று பெயர்களும் ஓரிரண்டு எழுத்து வேறுபாட்டில் நிற்கின்றன. விபி2 முழுதும் 1755 எழுத்துகள், 584 அமினோ அமிலங்கள். அவ்வளவு பெரிய ஊரில் ஒரே ஒரு வீட்டுக் கதவைப் பார்த்து ஊரின் பெயரை முடிவுசெய்கிறோம்.

முதலில் இந்தப் பெயர்கள் எழுத்தைப் பார்த்து வரவும் இல்லை. காலின் பாரிஷ் குழுவினர் எண்பதுகளில் ஒற்றைவகை எதிர்ப்பொருள்களைக் கொண்டு, எது எதை ஒட்டுகிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். 1980ஐ ஒட்டி 2ஏ பழைய 2ஐ முழுவதுமாகத் தள்ளிவிட்டது தெரிந்தது. 1984இல் 2பி. 2000இல் இத்தாலியில் குளுட்டமிக் அமிலம் கொண்டது. பின்னர் ஜெர்மனியின் பழைய மாதிரிகளைத் தோண்டியபோது 1996இலேயே அது இருந்தது என்று கண்டார்கள். எனவே வாலாட்டி அவர்களே, 2சிக்கு இப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் வயது.

பெயரில் இன்னொரு குழப்பமும் நடந்தது. வியட்நாமில் சிறுத்தைப்பூனைகளிடம் கண்ட வேறொரு மாற்றத்துக்கும், அதாவது 300ஆம் இடத்தில் வந்த மாற்றத்துக்கும், 2000இல் 2சி என்றே பெயர் வைத்தார்கள். இன்று 2சி என்றால் 426இல் குளுட்டமிக் அமிலம் என்பது நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துக் கட்டுரையைப் படிக்கும் மாணவன் தடுமாறுவான். நானே ஒரு வாரம் தடுமாறினேன்.

வாதாட வேண்டியது: 426இல் இதே மாற்றம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. மரபுக்கிளை வரைந்தால் 2பியும் 2சியும் தனித்தனிக் கொம்பாக நிற்பதில்லை. ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. ஒரு கிளையின் 2சி இன்னொரு கிளையின் 2சியைவிடத் தன் பக்கத்து 2ஏவுக்கு நெருக்கமாக இருக்கக்கூடும். அப்படியானால் அது வகைப்பாடே அல்ல. இந்த 2ஏ, 2பி, 2சி பெயர்களை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, மாற்றங்களை மட்டும் எண்ணோடு எழுதினால் வாலாட்டி அவர்களுக்கு அந்த அச்சமே வந்திருக்காது. பன்னாட்டுக் குழுவும் இந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்டதில்லை. அது சிற்றினத்தோடு நின்றுவிடுகிறது.

—

நுண்ணோக்கி எழுதியது:

மூன்றெழுத்து தம்பி, கிளை பற்றி நீங்கள் சொல்வது சரி. வகைப்பாட்டுக்கு 426 போதாது என்பதை நானும் என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் எடுத்துவிடலாம் என்பதை ஏற்க மாட்டேன்.

கார்முகிலின் முதல் கேள்வியையே பாருங்கள். தடுப்பூசியா, வெளி வைரஸா? அதற்கு விடை தந்ததே அந்த 426தான். வகை 2 கொண்ட ஊசி போட்ட குட்டியின் மலத்தில் 2சி வந்தது. ஒரே வரியில் முடிந்தது. அதே குட்டிக்கு 2பி ஊசி போட்டு, மலத்திலும் 2பி வந்திருந்தால் அந்த வரி போதாது. தடுப்பூசித் திரிபை மட்டும் குறிவைக்கும் தனித் துருவி (குறிப்பிட்ட வரிசையில் மட்டும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) தேவைப்படும், அல்லது வரிசையையே படிக்க வேண்டும். ஓரெழுத்து வேறுபாட்டைப் பிரித்தறியும் எம்ஜிபி துருவிகளைக் கொண்டு நிகழ்நேரப் பிசிஆரில் அரை நாளில் இதைச் சொல்லிவிடலாம். அந்தக் கருவி இல்லாத இடத்தில் 583 எழுத்துத் துண்டைப் பெருக்கி எம்போ-2 நொதியால் வெட்டுவார்கள். 2சி மட்டும் வெட்டுப்படும். ஏழை ஆய்வகத்துக்கு அது பெரிய துணை. அந்தப் பெயருக்கு வேலை இருக்கிறது. கொடிய புதிய வைரஸ் என்று அந்தப் பெயரை நாம் படிப்பதுதான் தவறு.

இன்னொரு குறையையும் என் தரப்பிலிருந்து ஒப்புக்கொள்ள வேண்டும். கார்முகிலின் அறிக்கையில் ஆய்வகம் பார்த்தது விபி2இன் துண்டை. சிற்றினத்துக்கான அளவுகோலோ என்எஸ்1. அதை யாரும் படிக்கவில்லை. விபி2 சிபிவி-2 என்று சொன்னதால் சிற்றினமும் அதுதான் என்று முடிவுசெய்து எழுதியிருக்கிறார்கள். முடிவு சரியானதே. ஆனால் நாங்கள் சோதித்தது எது, அதிலிருந்து ஊகித்தது எது என்பதை அறிக்கையில் தனித்தனியாக எழுத வேண்டும். எங்கள் ஆய்வகத்திலும் எழுதுவதில்லை. திங்கட்கிழமை இதைப் பேசப் போகிறேன்.

—

வாலாட்டி எழுதியது:

முதுமருத்துவர் ஐயா, நான் எழுதியதில் தவறு இருந்தது, ஏற்கிறேன். எங்கள் காப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் இதே வரிகளை எழுதி வைத்திருக்கிறோம். இன்று மாலையே அழித்துவிடுகிறேன். பட்டையும் 2சியைப் பிடிப்பதில்லை என்றேனே, அதுவும் தவறா?

—

முதுமருத்துவர் எழுதியது:

தவறுதான் அம்மா. பட்டையில் உள்ள எதிர்ப்பொருள்கள் எல்லா வகைகளுக்கும் பொதுவான பகுதியைப் பற்றுகின்றன. பூனையின் வைரஸைக்கூடப் பிடிக்கும், பல மருத்துவர்கள் பூனைக்கும் அதே பட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டை கோட்டை விடுவது வைரஸின் அளவாலும் நாளாலும். காப்பகத்தில் ஒரு குட்டிக்குப் பட்டை நெகட்டிவ் என்று வந்தாலும் வாந்தியும் கழிச்சலும் இருந்தால் தனியே வையுங்கள். ஒருநாள் விட்டு மீண்டும் பாருங்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்புறை இல்லை. சாதாரண சோப்பும் சாராயமும் அதை ஒன்றும் செய்யாது, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அழுக்கை முதலில் கழுவித் தள்ளிவிட்டு, பிறகு சலவை வெளுப்பான் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.

—

கார்முகில் எழுதியது:

செம்பி இன்று இரண்டு வாய் உணவு தின்றாள். வாலை ஆட்டினாள். வெள்ளையணுவும் ஏறத் தொடங்கியிருக்கிறது. பூனைக்குத் தடுப்பூசி போட்ட தேதி அட்டையில் இருக்கிறது, நிம்மதி.

இறந்துபோன ஆண்குட்டியை வளர்த்த வீட்டாரிடம் பேசினேன். அவர்களின் மருத்துவர் இறப்பதற்கு முதல்நாள் எடுத்த பஞ்சுக்குச்சி ஒன்று, காய்ந்த குழாயில், குளிர்பெட்டியில் ஒன்பது நாட்களாக இருக்கிறதாம். அதைச் சோதிக்க முடியுமா? அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ‘உங்கள் குட்டியிடமிருந்து எங்கள் குட்டிக்கு வந்ததா, எங்களிடமிருந்து உங்களுக்கா?’ போன மாதம் ஒருமுறை இரண்டையும் சேர்த்து விளையாட விட்டோம். இந்தக் கேள்வி இரண்டு வீட்டையும் அரித்துக்கொண்டிருக்கிறது.

—

நுண்ணோக்கி எழுதியது:

சோதிக்கலாம். காய்ந்த குச்சியாக இருப்பது நல்லது. பாக்டீரியாவுக்கான கூழ்மத்தில் வைத்திருந்தால் சிக்கல். இது உறுதியான டிஎன்ஏ வைரஸ், ஒன்பது நாள் குளிர்பெட்டி அதற்குப் பெரிதல்ல. குழாயின் மேல் தேதியும் குட்டியின் அடையாளமும் எழுதி, மூன்றடுக்கு உறையில், பனிக்கட்டிப் பொதியோடு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் குட்டிக்கு என்ன நேர்ந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

யாரிடமிருந்து யாருக்கு என்பதை மட்டும் இந்தச் சோதனையிடம் கேட்காதீர்கள். மூன்றெழுத்து தம்பி கணக்கை எழுதினால் நன்றாக இருக்கும்.

—

மூன்றெழுத்து எழுதியது:

கார்முகில் அக்கா, டிஎன்ஏ வைரஸ்களில் இது வேகமாக மாறும் ஒன்று. ஆனாலும் அந்த வேகம் ஓரெழுத்துக்கு ஓராண்டில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். விபி2இல் 1755 எழுத்துகள். பெருக்கிப் பார்த்தால் அந்த நீளம் முழுவதிலும் ஓர் எழுத்து மாறுவதற்கே ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நீங்கள் கேட்பது சில நாட்கள் இடைவெளியில் நடந்ததைப் பற்றி. இரண்டு குட்டிகளின் வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு குட்டிகளிடம்கூட அப்படியே இருந்திருக்கும். இரண்டும் வேறுபட்டால் மட்டும், ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு வரவில்லை என்று ஓரளவு சொல்லலாம். அதோடு அந்த விளையாட்டு போன மாதம் என்கிறீர்கள். தொற்று ஏறியதிலிருந்து நோய் தெரிய மூன்று முதல் ஏழு நாட்கள்தான் பொதுவாக ஆகும். குட்டிகள் இரண்டும் நோயுற்றது போன வாரம். தேதிகளைப் பார்த்தாலே, அந்த விளையாட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

—

கார்முகில் எழுதியது:

விளையாடவிட்ட தேதியைக் கைப்பேசிப் படத்தில் சரிபார்த்தேன். ஆண்குட்டிக்கு முதல் வாந்தி வந்ததற்கு இருபத்து நான்கு நாட்களுக்கு முன். இதை அப்படியே அந்த வீட்டாருக்கு அனுப்பிவிட்டேன். குச்சி நாளை காலை ஆய்வகத்துக்குப் போகிறது.